சிவப்புச் சால்வைக்காரி

செத்துப்போன தன் மகளின் முகத்தை இனி ஒருவரும் பார்க்கக்கூடாது என்று கேட்கத்தான் அந்த மனுசர் அமெரிக்காவிலிருந்து பலெர்மோவுக்கு வந்தார். இங்கிருக்கிற எங்கள் இலங்கைச் சனம் அதை முதலில் நம்பவில்லை. கடல் தாண்டி ஒருவர் வருகிறார் என்றால் ஒன்றில் காசுக்கு வருவார், இல்லாவிட்டால் விசாவுக்கு வருவார். மூன்றாவதாக ஒரு காரணம் எங்கள் மண்டைக்குள் ஏறாது.

அவர் பெயர் ஹார்லன். அரிசோனா மலைப்பக்கத்து அப்பாச்சிப் பழங்குடி இனத்தவர், படம் கீறுவது தொழில். ஐம்பது வயதிருக்கும். அகலமான தோள், பின்னால் கட்டிய நரைமுடி, கதை குறைவு. மகள் உயிரோடு இருந்த காலத்தில் அவளை ஒரு படம் கீறினார். சிவப்புச் சால்வை போர்த்தி, கன்னத்தில் மஞ்சள் மகரந்தம் பூசி, சிரிக்கப் போகிறவள்போல நிற்கிறாள். அந்தப் படத்தைச் சுவரில் பதிக்கும் பீங்கான் ஓடுகளில், எங்கள் வாயில் ரைல்களில், பதித்து விற்கும் உரிமையை, போலோஞ்ஞாவில் நடந்த ஒரு கண்காட்சியில் யாரோ முகவரிடமிருந்து வாங்கி வந்தவள் என் முதலாளி சிஞ்ஞோரா லோ வேர்சோ.

நான் அவளுடைய பட்டறையில் பெட்டி கட்டுகிறவள். பெயர் கனகேஸ்வரி. பட்டறை நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் இருந்தது. பழைய யுத்தத்தில் குண்டு விழுந்து மேல்மாடி இல்லாமல் போன ஒரு மாளிகையின் கீழ்த்தளம். எலுமிச்சம்பழம், மீன், மீசை வைத்த சூரியன் என்று உல்லாசப் பயணிகள் வாங்கும் சாமான் எல்லாம் அங்கேதான் சூளையேறும். படம் மெல்லிய தாளில் அச்சடித்து வரும். அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் படம் தோல்போலக் கழன்றுவிடும். அதை வெள்ளை ரைலில் படுக்கவைத்து, ரப்பர் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி நீரை வெளியேற்றிச் சூளைக்குள் வைக்கவேண்டும். வெந்து வந்த பிறகு கல் உடைந்தாலும் படம் அழியாது. இந்த வேலையைச் செய்கிறவன் மன்னார் ஸ்ரனிஸ்லாஸ். ஊரில் வெள்ளைக்காரரின் நிவாரண ஒஃபீஸில் களஞ்சியம் பார்த்தவன் என்பதால் ஆங்கிலம் ஓடும். ஆறு வருசத்தில் இத்தாலியனும் வந்துவிட்டது. வாயில்லாப்பூச்சி. ஆனால் மூன்று பாசையில் வாயில்லாப்பூச்சி.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்ரோபர் தொடக்கத்தில் ஹார்லன் பட்டறைக்குள் வந்தபோது, அவர் மகளின் முகம் சுவரோரமாய் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சூளைக் கதவைப் பார்த்தபடி நின்று ஆங்கிலத்தில் சொன்னார். ஸ்ரனிஸ்லாஸ் சிஞ்ஞோராவுக்கு இத்தாலியனில் சொன்னான்.

“இதை நிறுத்தவேண்டுமாம். தாள்களை எரிக்கவேண்டுமாம். செய்து வைத்திருக்கிற ரைல்களைத் தன் கண்முன்னால் உடைக்கவேண்டுமாம். வாங்கின பணத்தைத் திருப்பித் தருகிறாராம்.”

“ஏன்?” என்றாள் சிஞ்ஞோரா.

ஹார்லன் பதில் சொல்லவில்லை. இன்னொரு தரம் கேட்டாள். அவர் சூளைக் கதவையே பார்த்தார்.

சிஞ்ஞோரா லேசுப்பட்டவளில்லை. அந்த ரைல் விலைபோகவில்லை என்பது எனக்குத் தெரியும், பெட்டி கட்டுகிறவள் நான்தானே. பலெர்மோவுக்கு வருகிறவன் எலுமிச்சம்பழத்தை வாங்குவானா, அப்பாச்சிப் பெட்டையை வாங்குவானா? ஆனாலும் அவள் பெரிய மனது பண்ணுகிறமாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். பணம் வேண்டாமாம். அவர் இங்கேயே இருந்து மூன்று குதிரைப் படம் கீறித் தரட்டுமாம், குதிரை நன்றாக விலைபோகுமாம். மூன்றும் கைக்கு வந்தவுடன் சிவப்புச் சால்வைக்காரியைத் தானே சம்மட்டி எடுத்து உடைப்பாளாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது இதைத்தான்.

ஹார்லன் ஓமென்று கை கொடுத்தார். எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கை கொடுத்தால் முடிந்தது என்று நினைக்கிற ஆள். அப்படி நினைக்கிறவர்களை என்ன செய்வது?

சூளை அறைக்குப் பின்னால் ஒரு முற்றம். அங்கே பலகை நிறுத்திக் குதிரை கீறத் தொடங்கினார். பட்டறைக்குள்ளால் போகும்போதும் வரும்போதும் அந்த அடுக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நடப்பார். நான் ஒருநாள் மனம் கேட்காமல் அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. அந்தத் தலையசைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானத்தில் அவரும் ஸ்ரனிஸ்லாஸும் முற்றத்தில் இருந்து சாப்பிடுவார்கள். மாக்கிரட் கட்டிக்கொடுத்த புட்டும் மீன் குழம்பும் இருவருக்கும் காணும். மாக்கிரட் அவன் பெண்சாதி. இரண்டாவது குதிரை முடிந்த அன்று ஹார்லன் தானாகவே வாய் திறந்தார். மகள் மாசி மாதத்தில் பனிப்பாதையில் கார் பிரண்டு இறந்தாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி போனவரின் பெயரைச் சொல்வதில்லை. அவர் சாமான்களை வைத்துக்கொள்வதில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பெயரைச் சொன்னால் போனவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், போகவேண்டிய இடத்துக்குப் போகமாட்டார்கள். ஊரில் அவளுடைய உடுப்பு, கட்டில், தான் கீறிய மற்றப் படங்கள் எல்லாவற்றையும் எரித்தாயிற்று. மிச்சம் இருப்பது இங்கே மட்டும்தான்.

“நீ கேட்காமல் இருந்தாய். அதனால் சொன்னேன். இது உன்னோடு இருக்கட்டும்” என்றாராம்.

ஸ்ரனிஸ்லாஸோடு இருந்திருக்கும். ஆனால் ஸ்ரனிஸ்லாஸ் மாக்கிரட்டோடு அல்லவா இருக்கிறான். அன்று பின்னேரமே சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் பல்லாரோச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது மாக்கிரட் என் கையைப் பிடித்தாள்.

“கனகேஸ் அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

ஊர் முழுக்கச் சொல்லப்போகிறவர்கள் எப்போதும் இப்படித்தான் தொடங்குவார்கள். ஆனால் கதையைச் சொல்லி முடிக்கும்போது அவள் கண் நிரம்பியிருந்தது, பொய்யில்லை. அவள் தம்பி றொனி தொண்ணூறில் தலைமன்னாரிலிருந்து வள்ளமேறி இராமேஸ்வரம் போகும்போது கடலில் போனவன். உடம்பு கிடைக்கவில்லை. இடம்பெயர்ந்த ஓட்டத்தில் வீட்டிலிருந்த படமெல்லாம் போய்விட்டது. றொனியின் முகம் கடதாசியில் எங்குமே இல்லை. மற்ற வீடுகளில் செத்தவர்களின் படம் மாலையும் மின்குமிழுமாய் முன்னறையில் தொங்கும்போது, மாக்கிரட் வீட்டுச் சுவரில் ஒரு வெறும் ஆணி. ஆணியை அடித்து வைத்திருக்கிறாள், தொங்கவிடப் படம் இல்லை.

“பாவம் அந்த மனுசன்” என்றாள். “பிள்ளை செத்து ஒரு வருசமாகேல்லை. ஒரு பூசை இல்லை, ஒரு விளக்கு இல்லை. இருக்கிற படத்தையும் உடைக்கப் போறாராம். துக்கத்தில மூளை கலங்கிப்போச்சு. அக்கா, படமில்லாமல் செத்தவன் ரெண்டு தரம் செத்தவன். எனக்குத் தெரியும்.”

“அது அவையின்ர வழக்கம் எல்லோ, மாக்கிரட்?”

“என்ன வழக்கம்? பெத்த பிள்ளையின்ர முகத்தைப் பாக்கக்கூடாதெண்டு ஒரு வழக்கமோ? ஆறுதல் சொல்ல ஆக்கள் இல்லாத இடத்தில மனுசர் இப்பிடித்தான் கதைப்பினம். நாங்கள் இருக்கிறம், செய்து காட்டுவம்.”

மாக்கிரட் ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்தால் மடுமாதாவே இறங்கி வந்தாலும் தள்ளி நிற்கவேண்டியதுதான். நவம்பர் இரண்டாந் தேதி, செத்தவர்களுக்காக மன்றாடும் சகல ஆத்துமாக்கள் திருநாள். அன்று பின்னேரம் கோயில் மண்டபத்தில் ஹார்லனின் மகளுக்கு நினைவுப் பூசை, அதன்பின் சாப்பாடு. மூன்றாவது குதிரையும் அன்றைக்குத்தான் முடிகிறது. மறுநாள் காலை ரைல் உடைப்பு.

ஸ்ரனிஸ்லாஸ் தடுத்தான். அவன் தடுத்தது அடுத்த வீட்டில், சுவருக்கு மறுபக்கம் இருந்த எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“எனக்கு நம்பிச் சொன்ன மனுசனடி!”

“நம்பிச் சொன்னவருக்கு நன்மைதானே செய்யிறம். ஒரு பூசை. ஒரு செபம். அதில என்ன குறைஞ்சு போச்சு?”

ஒரு பூசை என்று தொடங்கியது. எங்கள் ஆட்கள் ஒரு பூசையோடு நிற்பார்களா? எங்கள் சனம் குடியிருக்கும் அல்பெர்கேரியாவில் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எதற்கும் வீடியோ எடுக்கிறவர் கோபாலசிங்கம். என்னைப்போலச் சைவக்காரர், ஆனால் கமெராவுக்குச் சமயமில்லை. மாக்கிரட் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் ஒரு அச்சுத்தாளை மடித்து எடுத்துப்போனாள். தாளின் அடியில் படத்தின் தலைப்பு இருந்தது. தலைப்பு அந்தப் பிள்ளையின் பெயர்தான். கோபாலசிங்கம் அதைக் கலர்ப் பிரதியெடுத்துக் கதவளவுக்குப் பெருப்பித்தார். பிறகு கண்ணீர் அஞ்சலி அடித்தார். கறுப்புக் கரை, நடுவில் முகம், மேலே பெயர் தமிழிலும் இத்தாலியனிலும். கீழே அவரே இயற்றிய பாட்டு:

*அரிசோனா மண்ணில் மலர்ந்த அன்புப் பூவே,*
*அப்பாவைத் தவிக்கவிட்டு எங்கே போனாய்?*

பலெர்மோக்காரரும் செத்தவர்களைச் சுவரில் ஒட்டுகிற ஆட்கள்தான். ஆகவே பல்லாரோவிலிருந்து கோயில்வரை ஒட்டியதை ஒருவரும் விசித்திரமாய்ப் பார்க்கவில்லை. மீன் விற்கிறவன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டான். அந்தப் பெயரைப் பிழையாய் உச்சரித்து, “யார் இந்தப் பெண்?” என்று என்னைக் கேட்டான். ஒரே நாளில் எங்கள் தெரு முழுக்க அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. நான் அதை இங்கே எழுதவில்லை. ஒருத்தியாவது எழுதாமல் இருக்கட்டும்.

திருநாளன்று காலையில் ஹார்லன் மூன்றாவது குதிரைக்குக் கடைசி மை வைத்தார். படம் காய்வதற்குள்ளேயே சிஞ்ஞோரா மூன்றையும் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினாள். “நாளைக்குக் காலை சம்மட்டியோடு வா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். பின்னேரம் சாப்பிட வரும்படி ஸ்ரனிஸ்லாஸ் கூப்பிட்டான். சாப்பாடு என்று மட்டும் சொன்னான். மூன்று பாசை தெரிந்தவனுக்கு மிச்சத்தைச் சொல்ல ஒரு பாசையும் வரவில்லை.

சந்து இருட்டு, ஹார்லன் சுவர்களைப் பார்க்காமல் வந்துவிட்டார். மண்டப வாசலில் ஏறியதும் நின்றார்.

எதிரே மகள் கதவளவுக்கு நின்றாள். கழுத்தில் கார்னேசன் மாலை. சுற்றிவர சிவப்பும் பச்சையுமாய் ஓடிக்கொண்டிருக்கிற மின்குமிழ்கள். நூறு பேருக்குக் குறையாத சனம் எழும்பி நின்றது. முன்வரிசையில் சிஞ்ஞோரா. மாக்கிரட்தான் மரியாதைக்கு அழைத்திருந்தாள், முதலாளி அல்லவா. மாக்கிரட்டின் மகள் அமலினி மைக்கைப் பிடித்து மன்றாட்டு வாசித்தாள். ஒவ்வொரு வரியும் அந்தப் பெயரில் தொடங்கியது. ஒவ்வொரு வரிக்கும் சனம் அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லி, “இவருக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. பிள்ளை நன்றாய் வாசித்தாள், இரவிரவாய்ப் பாடமாக்கியிருந்தாள்.

ஹார்லன் கையால் முகத்தை மூடினார். கோபாலசிங்கம் லைற்றை அவர் முகத்துக்கு நேரே திருப்பினார். “அழுறார், அழுறார், கிட்டப் போய் எடுப்பம்” என்றபடி கமெராவோடு நெருங்கினார்.

அதோடு மாக்கிரட்டுக்கு உடைந்துவிட்டது. றொனிக்கு அழ ஒரு முகம் இல்லாமல் ஆறு வருசம் நெஞ்சுக்குள் கிடந்த அழுகை அந்தப் பெட்டையின் முகத்தைப் பார்த்து வெளியே வந்தது. தலையிலடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். “என்ர ராசாத்தி, ஒருக்கால் எழும்பி வாம்மா! உன்ர அப்பா வந்து நிக்கிறார், திரும்பிப் பாரம்மா! எங்களை விட்டிட்டுப் போகாதை!” மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பெண்களுக்கு ஒப்பாரி சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

ஹார்லன் ஸ்ரனிஸ்லாஸின் பக்கம் திரும்பினார். “என்ன சொல்கிறார்கள்?”

நான் பக்கத்தில் நின்றேன். அந்த இடத்தில் அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கடவுளைப் புகழ்கிறார்கள் என்றிருக்கலாம். வாழ்க்கை முழுக்க மற்றவர் சொன்னதை அப்படியே மாற்றிச் சொல்லிப் பழகியவனுக்கு அது வரவில்லை.

“அவளை வரச்சொல்லிக் கூப்பிடுகினம்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். “போகவேண்டாமாம்.”

ஹார்லன் அவனை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அவனுக்கு நல்லாய் இருந்திருக்கும். அவர் ஒன்றும் செய்யாமல் படியிறங்கிப் போனார். வெளியே சுவரிலிருந்த கண்ணீர் அஞ்சலியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார் என்று பிறகு மீன்காரன் சொன்னான். கோபாலசிங்கம் நல்ல பசை போட்டிருந்தார். பாதி முகம்தான் உரிந்ததாம்.

உள்ளே சாப்பாடு தொடங்கியது. றோல்ஸ், கடலை வடை, கேக். மாக்கிரட் வீங்கிய கண்ணோடு பரிமாறினாள். “இண்டைக்குத்தான் அந்த மனுசன் வாய்விட்டு அழுதிருக்கு” என்று எல்லோருக்கும் சொன்னாள். வாய்விட்டு அழுதது அவள்தான். அவள் முகத்தில் அவ்வளவு நாள் நான் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்கு அவளைக் கன்னத்தில் அறையவும் வேண்டும்போலிருந்தது, கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போலிருந்தது. இரண்டும் செய்யாமல் றோல்ஸைத் தின்றுவிட்டு வந்தேன்.

சிஞ்ஞோரா மட்டும் சாப்பிடவில்லை. கண்ணீர் அஞ்சலியைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தாள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். “செத்துவிட்டாளா! இதை ஏன் எனக்கு இவ்வளவு நாளும் ஒருவரும் சொல்லவில்லை?” என்று ஸ்ரனிஸ்லாஸைக் கேட்டாள்.

மறுநாள் காலை ஹார்லன் சம்மட்டியோடு வந்தார். அவ்வளவுக்குப் பிறகும் வந்தார். கை கொடுத்த பேச்சு இருக்கிறது என்று நம்பினார்.

சாக்கு எடுபட்டிருந்தது. ரைல் அடுக்கு மேசைக்கு ஏறியிருந்தது. சிஞ்ஞோரா எழும்பி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள், இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பிறகு பேசினாள். ஸ்ரனிஸ்லாஸ் நிலத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு வசனமாய் ஆங்கிலத்தில் சொன்னான்.

“தானும் ஒரு தாயாம். இரவு முழுக்க நித்திரை இல்லையாம். இப்படி ஒரு பிள்ளையின் முகத்தைச் சம்மட்டியால் உடைக்கத் தனக்குக் கை வராதாம். உடைத்தால் பாவமாம். இனி இவளைப் பெயரோடு செய்யப்போகிறாளாம். கீழே பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. பின்பக்கத்தில் அவள் கதை. ரோமிலிருந்து ஒரு கடைக்காரர் காலையிலேயே ஆயிரம் கேட்டுவிட்டாராம். உங்கள் மகள் இனிச் சாகமாட்டாளாம்.” ஸ்ரனிஸ்லாஸ் கடைசி வசனத்தையும் சொன்னான். “பிறந்த ஆண்டு என்னவென்று கேட்கிறா.”

“குதிரைகள்?” என்றார் ஹார்லன்.

அதையும் மாற்றிச் சொன்னான். சிஞ்ஞோரா கையை விரித்தாள்.

“குதிரை அவர் தன் விருப்பத்துக்கு அன்பளிப்பாய்த் தந்தது அல்லவா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?”

ஹார்லன் சம்மட்டியை ஓங்கினார் என்று எழுத எனக்கு ஆசை. நான் ஓங்கியிருப்பேன். அவர் அதை மெதுவாய்ச் சூளையோரம் சாய்த்து வைத்தார். அதால் ஆயிரம் ரைலை உடைத்தாலும் தாள்கள் சிஞ்ஞோராவின் அலுமாரியில் இருக்கின்றன, பெயர் ஊர் வாயில் இருக்கிறது. ஊர் வாயை எந்தச் சம்மட்டியால் உடைக்க முடியும்? அது அவருக்கும் விளங்கியிருக்கும். முற்றத்துக்குப் போய்த் தூரிகைகளைப் பொறுக்கினார்.

“சேர், நான்...” என்று ஸ்ரனிஸ்லாஸ் பின்னாலேயே போனான்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. ரைல் அடுக்கைப் பார்க்காமல் நடப்பதுபோல அவனுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பையைக் கட்டினார். என்னைக் கடக்கும்போதும் தலையசைக்கவில்லை.

வாசல் நிலையில் ஒரு கால் வைத்திருந்தார். உள்ளே ரெலிஃபோன் அடித்தது. சிஞ்ஞோரா எடுத்துப் பேசினாள். “ஓம், ஓம், இருக்கிறாள்” என்றாள். பிறகு வாயைப் பொத்தாமலே, சாமான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறமாதிரி, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பட்டறை முழுக்கக் கேட்கக் கத்தினாள். அவளை நான் பெட்டி கட்ட, ஸ்ரனிஸ்லாஸ் வாசலுக்குக் கொண்டுவரட்டாம்.

நடுத்தெருவில் பெற்ற பிள்ளையை யாரோ கூப்பிட்டால் எந்தத் தகப்பனும் என்ன செய்வானோ, அதைத்தான் ஹார்லன் செய்தார். சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

“வாறன், சிஞ்ஞோரா” என்று ஸ்ரனிஸ்லாஸ் குரல் கொடுத்தான்.